அம்பர் எண்ணெயும் ஒற்றைக் கைக் கோட்டும்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வீம்பில் பிறந்தது.

தம்பியின் மனைவி ஒரு குப்பி வாங்கி வந்திருந்தாள். விரல் நீளம், தங்க நிற மூடி, மேலே ‘அம்பர் எண்ணெய்’ என்று எழுத்து. திறந்தால் வெனிலா வாசனை. நான் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் கேட்கும்படி, “கோடி வருஷத்து வாசனை” என்று அறிவித்தேன். அம்பர் என்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மரத்தில் வடிந்து மண்ணுக்குள் இறுகிப்போன பிசின். தேன் நிறத்தில் மணியாகக் கோத்துப் போட்டுக்கொள்வார்களே, அதுதான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேலும் தெரிந்த மாதிரிப் பேசுவது என் பிறவிக் குணம்.

தம்பி வார்னிஷ் தொழிற்சாலையில் ஆய்வுக்கூட வேலை பார்க்கிறான். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னான்.

“அது அம்பரே இல்லக்கா. நாலு வாசனையைக் கலந்து அந்தப் பேரை வச்சிருக்காங்க. நிஜ அம்பர் எண்ணெயை ஒரு சொட்டு இங்க விட்டா, நீ தட்டோட எழுந்து ஓடிடுவ.”

“பார்த்திருக்கியா நீ?”

“நான் மோந்திருக்கேன்.”

மேசையே சிரித்தது. என் மூக்கு உடைந்தது. அவன் சொன்னது தப்பு என்று நிரூபிக்காமல் விடுவதில்லை என்று மறுநாளே நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு மாதம் படித்தேன். அவன் சொன்னது முழுக்கச் சரி. அதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் எனக்கு அம்பர் பைத்தியம் பிடித்துவிட்டது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் எல்லாம் அதைப் பற்றியே பேசினேன். இரண்டு பேர் இடம் மாறி உட்கார்ந்தார்கள். நீங்கள் மாற முடியாது, கதைக்குள் வந்துவிட்டீர்கள்.

2

கேளுங்கள். மணி கடைபவர்களின் பட்டறையில் தூசியும் துண்டும் மிஞ்சும் இல்லையா? அதை யாரும் எறிய மாட்டார்கள். அள்ளி மூட்டை கட்டி, எண்ணெய் வடிப்பவரிடம் கொடுப்பார்கள். அவர் அதில் மணலைக் கலந்து கண்ணாடி வாலையில் போடுவார். வாலை என்றால் வடிக்கும் பாத்திரம். வயிறு பெருத்து, கழுத்து நீண்டு கீழ்நோக்கி வளைந்திருக்கும். மணல் எதற்கென்றால், அம்பர் உருகும்போது பால் மாதிரி பொங்கும். மணல் இல்லாவிட்டால் பொங்கி வழிந்து எல்லாம் பாழ்.

அடியில் தீ. முதலில் கழுத்து வழியே, கீழே வைத்த ஏந்துகுடுவைக்குள், புளித்த நீர் கொஞ்சம் சொட்டும். பிறகு மஞ்சளாக மெல்லிய எண்ணெய். தீ ஏற ஏறக் கறுத்துத் தடித்த எண்ணெய். நடுவில்தான் வேடிக்கை. கழுத்தின் உள்சுவரில் வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாக ஓர் உப்பு படியும். அம்பர் உப்பு. அந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கறுப்புப் புகைக்கு நடுவே வெள்ளை ஊசி. எந்த எழுத்தாளருக்குத்தான் கை அரிக்காது?

(வாசனை? கொளுத்திய தாரில் பழைய தோல் செருப்பை ஊறவைத்த மாதிரி இருக்கும் என்று தம்பி சொல்கிறான். தண்ணீர் சேர்த்து மறுபடி வடித்தால் நிறம் வெளுக்கும், நாற்றமும் கொஞ்சம் அடங்கும்.)

இந்த நாற்றத்தை வைத்துக்கொண்டு மனிதர்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் தெரியுமா? கக்குவான் இருமல் வந்த குழந்தையின் நெஞ்சிலும் முதுகுத்தண்டிலும் தேய்த்தார்கள். மூட்டுவலிக்குத் தேய்த்தார்கள். வலிப்புக்குச் சொட்டுக் கணக்கில் உள்ளுக்கே கொடுத்தார்கள். அமோனியாவோடு கலந்து வெளுக்கச் செய்து, மயங்கி விழுந்தவர்களின் மூக்கருகே நீட்டினார்கள். இது ஒன்று மட்டும் நிச்சயம் வேலை செய்திருக்கும் என்று நம்புகிறேன். வாலையின் அடியில் மிஞ்சிய கறுப்புக் கட்டியை எண்ணெயில் கரைத்து வார்னிஷ் ஆக்கினார்கள். இதற்கெல்லாம் மேலாக ஒன்று. இந்த எண்ணெயில் கடுமையான அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், உருண்டு திரண்டு வரும் பிசினில் கஸ்தூரி வாசனை அடிக்குமாம். தார் நாற்றத்துக்குள்ளே கஸ்தூரி. யாருக்கு முதலில் அப்படிச் செய்து பார்க்கத் தோன்றியது என்று நினைத்து நினைத்து எனக்கு இரண்டு நாள் தலைகால் புரியவில்லை.

நோய் குணமானதா என்று கேட்காதீர்கள். பிற்காலத்து மருத்துவர்கள் இதைக் கைவிட்டுவிட்டார்கள். அதிலேயே பதில் இருக்கிறது.

3

ஆனால் இதெல்லாம் கட்டுரை. கதைக்கு ஓர் ஆள் வேண்டும். என் முதல் தொடக்கம் இது:

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அந்தப் பெண் வாலையைத் துடைத்து

மழையாம். கதை ஓடாதபோது எழுத்தாளர்கள் மழையைக் கூப்பிடுவார்கள். அடித்தேன். இரண்டாவது:

அம்பரின் இதயத்தில் காலம் உறங்கிக்கொண்டிருக்கிறது. அதை எழுப்புவதே அவள்

இதை எழுதிய கையை ஒரு நாள் பட்டினி போட்டேன். மூன்றாவதுதான் நின்றது:

அவளுக்கு இடது புருவம் பாதிதான் இருந்தது.

வந்துவிட்டாள். பாதிப் புருவம் ஏன் என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றுகிறது அல்லவா? எனக்கும் தோன்றியது. யோசித்தேன். கழுத்தில் படியும் அந்த அழகான உப்பு அளவுக்கு மீறிப் படிந்தால் என்ன ஆகும்? வழி அடைத்துக்கொள்ளும். உள்ளே ஆவி முட்டும். கண்ணாடி வெடிக்கும். கொஞ்ச நாள் முன்புதான் அவள் வாலை அப்படி வெடித்தது. கண் தப்பியது, பாதிப் புருவம் போயிற்று.

ஊரில் அவளை வாலைக்காரி என்று கூப்பிட்டார்கள். மின்சாரம் வராத காலம். ஊரின் பெயர் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஆனால் அவள் அடுப்பறையில் மூன்றாவது செங்கல் ஆடும் என்று தெரியும்.

4

அவளுக்கு ஓர் அண்ணன். மணி கடைபவர். காலால் மிதித்துச் சுழற்றும் கடைசல் பட்டறை, ஜன்னலோரம் ஒரு முக்காலி, விரல் நகத்துக்குள் எப்போதும் மஞ்சள் தூசி. தன் பட்டறைத் தூசியை வாரம் ஒரு மூட்டை தங்கைக்கு அனுப்புவார். அவருடைய மணி, அவளுடைய எண்ணெய். இருவர் பிழைப்பும் ஒரே கல்லில்.

இந்த அண்ணனை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ரொம்ப நல்லவராக இருந்தார். கதையில் ரொம்ப நல்லவர் வந்தால் நான் சந்தேகப்படுவேன். வாழ்க்கையிலும்தான்.

அவரைக் கொஞ்சம் பாசக்காரராகக் காட்டுவோம் என்று ஒரு காட்சி எழுதினேன். வாலை வெடித்த மறுவாரம் அண்ணன் தன் ஒரே கம்பளிக் கோட்டின் வலது கையை வெட்டினார். துணிக்கும் உள்துணிக்கும் நடுவே மணலை நிரப்பித் தைத்தார். அதை அடுப்போரம் போட்டுச் சூடாக்கி, வாலையின் கழுத்தில் சட்டைக்குள் கை நுழைப்பது போல நுழைத்துவிட்டார்.

“குளிர்ந்தாத்தானே உப்பு படிஞ்சு அடைக்குது? இனி அடைக்காது. இன்னொரு புருவத்தையாவது வச்சுக்க.”

“கோட்டைப் பாழாக்கிட்டியே அண்ணா.”

“இன்னொரு கை இருக்கு இல்ல? அது போதும்.”

அழகாக இருக்கிறது, வைத்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன். எழுத்தாளர்கள் இப்படித்தான் தங்கள் குழியைத் தாங்களே வெட்டுவார்கள். நான் அப்போது சந்தோஷமாக டீ குடிக்கப் போனேன்.

5

இப்போது பிரச்சினை வேண்டும். மணிக்காரர் சங்கத்தில் முத்திரை பிடிக்கும் பொறுப்பு அண்ணனுக்கு வரப்போகிறது. ஊரில் விற்கும் ஒவ்வொரு மணியும் நிஜம்தானா என்று பார்த்து முத்திரை போடுகிறவர் அவர்தான்.

போலி மணி எப்படி இருக்கும்? மண்ணுக்குள் போதிய காலம் கிடக்காத இளம்பிசின் ஒன்று உண்டு. அதே தேன் நிறம், அதே எடை. மெருகு போட்டுவிட்டால் கைதேர்ந்தவரே ஏமாறுவார். ஆனால் வாலையில் போட்டால் குட்டு உடைந்துவிடும். இளம்பிசினிலிருந்தும் எண்ணெய் வரும். வெள்ளை உப்பு மட்டும் வராது.

ஆகவே சங்கத்தில் ஒரு வழக்கம். (சங்கமும் வழக்கமும் என் கற்பனை. உப்பு கற்பனையல்ல.) முத்திரை வாங்கப்போகிறவரின் பட்டறைத் தூசியை அன்று காலையே வாலையில் ஏற்ற வேண்டும். வடித்தவர் சபைக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும். மெருகு பொய் சொல்லும், தூசி சொல்லாது என்பது கணக்கு. உப்பு இல்லையென்றால் முத்திரையும் இல்லை, பட்டறைக்குப் பூட்டு. அந்த ஊரில் அந்த மனிதர் இனி மணி தொட முடியாது.

இதை எழுதிவிட்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். தன் அண்ணனுக்குத் தானே சாட்சி. ஆகா, மாட்டிக்கொண்டாள்.

அன்று காலை, கோட்டுக் கை வந்த பிறகு முதல் வடிப்பாக, வாலைக்காரி அண்ணனின் மூட்டையை அவிழ்த்தாள், மணல் கலந்தாள், தீ வைத்தாள். புளித்த நீர் சொட்டியது. மஞ்சள் எண்ணெய் வந்தது. கறுப்பு எண்ணெய் வந்தது. உச்சி வேளைக்குத் தீயை அணைத்து, கோட்டுக் கையை உருவிப்போட்டு, கழுத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

சுத்தமாக இருந்தது. ஓர் ஊசிகூட இல்லை.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்கு? எனக்குக் கொண்டாட்டம்.

6

சபை. நீண்ட மேசை, பதினோரு பேர், ஓரத்தில் முத்திரைப் பெட்டி. அண்ணன் ஒற்றைக் கைக் கோட்டோடு நின்றார். வேறு கோட்டு இல்லை. வலது பக்கம் சட்டைக் கை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

சங்கத் தலைவர் வாலைக்காரியைக் கேட்டார்.

“இவர் பட்டறைத் தூசியைக் காலையில வடிச்சியா?”

“வடிச்சேன்.”

“உப்பு வந்துதா?”

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் சந்தேகமே இல்லாத முகத்தோடு அவளைப் பார்த்துத் தலையாட்டினார், சொல்லு என்பது போல.

“வரல” என்றாள்.

தலைவர் மறுபடி கேட்டார், அவள் மறுபடி சொன்னாள். அண்ணன் சிரிப்பதை நிறுத்த மறந்துவிட்டார். பெட்டியை மூடினார்கள். இரண்டு பேர் பூட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார்கள்.

அவள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம்: ‘ஏந்துகுடுவையில் எண்ணெய்க்கு அடியில் நின்ற புளித்த நீரை வாசல் சாக்கடையில் கொட்டினாள்.’ முற்றுப்புள்ளி. உறவு கொட்டிப்போனது என்பதற்கு அடையாளமாம். நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

கதை முடிந்தது என்று தம்பிக்கு அனுப்பினேன். அம்பரைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்டேன் பார் என்று காட்ட வேண்டாமா?

7

ஒரு மணி நேரத்தில் போன் வந்தது.

“அக்கா, அந்த அண்ணன் என்ன தப்பு பண்ணான்?”

“படிச்ச இல்ல? போலி மணி. அதான் உப்பு வரல.”

“உப்பு ஏன் வரல?”

“போலி. அதனால.”

“கோட்டுக் கையை மாட்டினது யாரு?”

“நான். அதாவது, அண்ணன்.”

“எதுக்கு?”

“கழுத்து சூடா இருந்தா உப்பு படியாது, அடைக்காது...”

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன். அவன் மெதுவாகச் சொன்னான்.

“படியாத உப்பு எங்க போகும்? ஆவியோட ஆவியா கீழ இறங்கி அந்தப் புளிச்ச தண்ணியில கரைஞ்சிடும். கழுத்தைப் பார்த்து எப்படிக்கா தெரியும்? தண்ணியைச் சுண்ட வச்சுப் பார்க்கணும். நீ அதைக் கொண்டுபோய் சாக்கடையில கொட்டிட்ட.”

தங்கையின் முகத்தில் வாலை வெடிக்கக் கூடாதென்று ஒரு மனிதர் தன் கோட்டை வெட்டினார். அந்தக் கோட்டுக் கையே சாட்சியை மறைத்துவிட்டது. அவர் குற்றவாளியா இல்லையா என்று எனக்கே தெரியாது. தெரியாமலேயே பூட்டுப் போட்டுவிட்டேன்.

“நீ எப்பவும் இப்படித்தான்” என்றான் தம்பி. கோபமாகச் சொல்லவில்லை. “முதல்ல தீர்ப்பு எழுதிடுவ. விசாரணை அப்புறம்.”

“இப்ப என்ன பண்றது?”

“கோட்டுக் கையை எடுத்துடு. கழுத்து குளிர்ந்திருந்தா, உப்பு இல்லைன்னா போலிதான். கதை சரியாயிடும்.”

8

ஒரே ஒரு பத்தி. அதை எடுத்துவிட்டால் அண்ணன் திருடன், தங்கை நேர்மையானவள், நான் கெட்டிக்காரி. விரலை வைத்து அந்தப் பத்தியை மறைத்துக்கூடப் பார்த்தேன். பிசிறில்லாமல் ஒட்டிக்கொண்டது.

எடுக்க முடியவில்லை. ஏன் என்று ஓர் அடிக்குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது. அடியில் போட்டால் நீங்கள் படிக்காமல் தாண்டிவிடுவீர்கள், ஆகவே இங்கேயே.

(பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் முதல் கதைகள் எழுதிய நோட்டு காணாமல் போனது. அந்த வாரம் வீட்டைச் சுத்தம் செய்தவன் தம்பி. அவன்தான் பழைய காகிதத்தோடு போட்டுவிட்டான் என்று உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் சொன்னேன். அவன் இல்லை என்றான். நான் நம்பவில்லை. நான்கு ஆண்டு கழித்து என் பெட்டியிலேயே, மடித்த போர்வைக்குள் நோட்டு கிடைத்தது. நானே பத்திரப்படுத்தியது. அன்று கடைக்குப் போய் அவனுக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தேன். நீலக் கட்டம். அவன் எதற்கு என்று கேட்கவில்லை, போட்டுக்கொண்டான். நானும் எதற்கு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வார்த்தை தொண்டை வரை வந்தது. அங்கேயே இருக்கிறது.)

இப்போது புரிகிறதா, எனக்கு அந்த மணிக்காரரை ஏன் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை என்று?

முடிவுகளைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று: அவள் நீரைச் சுண்டவைக்கிறாள், உப்பு வருகிறது, ஓடிப்போய்ச் சபையில் சொல்கிறாள், பூட்டைத் திறக்கிறார்கள், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. ஊர் நடுவே தங்கை சொன்ன ‘வரல’ பூட்டைத் திறந்தால் போய்விடுமா என்ன? இரண்டு: உப்பு வரவில்லை, அவள் சொன்னது சரிதான். அப்போது அந்தக் கோட்டுக் கையை நான் என்ன செய்வது? போலி மணி கடைகிறவரும் தங்கைக்காகக் கோட்டை வெட்டலாம்தான். மூன்று:

மூன்றாவதை எழுதுவதற்கு முதலில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

9

[ஏந்துகுடுவையில் எண்ணெய்க்கு அடியில் நின்ற புளித்த நீரை வாசல் சாக்கடையில் கொட்டினாள்.]

அடித்தாயிற்று. நீர் குடுவையில் இருக்கிறது. எழுத்தாளராக இருப்பதில் இந்த ஒரு வசதி உண்டு. வீட்டில் கிடையாது.

ஆனால் நான் உள்ளே நுழைந்து அவளிடம் சொல்ல முடியாது. அவளேதான் கண்டுபிடிக்க வேண்டும். சபையிலிருந்து வந்தவள் தரையில் கிடந்த கோட்டுக் கையைப் பார்த்தாள். கோபம் வந்தது. அவரிடமே விட்டெறிய வேண்டும் என்று எடுத்தாள். எடுத்தவள் நின்றாள். உள்ளே கையை விட்டாள். மணலில் இன்னும் இளஞ்சூடு இருந்தது.

தொழில் தெரிந்தவள். எனக்குப் போனில் நடந்தது அவளுக்கு ஒரு கணத்தில் நடந்தது. எண்ணெயை வழித்தெடுத்து, நீரை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, அடுப்பில் வைத்தாள். அவசரமாக வைத்ததில் ஆடுகிற மூன்றாவது செங்கல் இன்னும் ஆடியது.

அப்போது அண்ணன் வந்தார். பட்டறையில் பூட்டுத் தொங்குகிறது, வேறு எங்கே போவார்? வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு, எதிரே முக்காலியில் உட்கார்ந்தார். அவள் நிமிரவில்லை.

“என்ன அது?” என்றார்.

“காலையில வந்த தண்ணி.”

அவர் கிண்ணத்தைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த கோட்டுக் கையைப் பார்த்தார். அவருக்கும் தொழில் தெரியும். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஏன் என்னை நம்பவில்லை என்று கேட்பார், கத்துவார், குறைந்தபட்சம் எழுந்து போவார் என்று. மூன்றையும் எழுதினேன். மூன்றையும் அடித்தேன். அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

நீர் சுண்டியது. அரைக் கிண்ணம், கால் கிண்ணம். பதற்றத்தில் அவள் தீயை அதிகமாக்கிவிட்டாள். ஓரத்தில் நீர் சடசடவென்று தெறித்தது, கலங்கல் பழுப்பாகத் திரும்பியது. இன்னும் அரை நிமிடம் போனால் எல்லாம் கருகிவிடும். கருகினால் அதில் உப்பு இருந்ததா இல்லையா என்று யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை.

“தீயைக் குறை” என்றார் அண்ணன். “அடிபிடிச்சிடும்.”

இதை எழுதிவிட்டு நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். போலி மணி கடைந்திருந்தால் அவர் செய்ய வேண்டியதெல்லாம் அந்த அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். அவரால் முடியவில்லை.

அவள் தீயைக் குறைத்தாள். கிண்ணத்தில் இரண்டு கரண்டி நீர் இருக்கிறது. ஆறினால் வெள்ளை ஊசி விழுமா, விழாதா? நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. ஆனால் அவள் இன்னும் கிண்ணத்தையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், வலது கையை இடது கையால் தேய்த்துக்கொண்டு. அந்தப் பக்கம் அவருக்குக் குளிருகிறது.

அவளை எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். என் பிடிவாதத்தைத்தான் அவளுக்கும் கொடுத்திருக்கிறேன், நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீங்கள் சொல்லிப் பாருங்கள். ஊசி விழுவதற்கு முன்னால் அவள் தலையை நிமிர்த்த வேண்டும். விழுந்த பிறகு நிமிர்ந்து பிரயோஜனமில்லை, அது உப்பை நம்பியதாகத்தான் ஆகும்.

நான் தம்பிக்குப் போன் செய்யப் போகிறேன். இந்த முறை சட்டை இல்லை.